மக்கும் கழிப்பறை: இரண்டு வருடம் பயன்படுத்திய பிறகு

வாங்கியபோது கூட வந்த தாளில் 'பராமரிப்பே தேவையில்லை' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டால் இது நல்ல பொருள்தான். தண்ணீர் ஊற்றாமல், மலத்தை மரத்தூள் போட்டு மூடி உரமாக மக்கவைக்கும் கழிப்பறை இது. அதிலும் சிறுநீரைத் தனியாகப் பிரிக்கும் வகை. முன்பக்கக் கிண்ணத்தில் விழும் சிறுநீர் குழாய் வழியாக ஒரு கேனுக்குப் போகும், பின்பக்கம் விழுவது அடியில் இருக்கும் தொட்டிக்கு. 12 வோல்ட் மின்விசிறி ஒன்று தொட்டிக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். வீட்டில் மூன்று பேர் பயன்படுத்துகிறோம். கழுவும் தண்ணீருக்கு வேறு இடம்.

முதல் மாதம் நாற்றமே இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து காட்டினேன், யாரும் கேட்காமலே. இரண்டாவது மாதம் மூடியைத் திறந்தால் கண் எரிந்தது. அப்படி ஓர் அமோனியா நெடி. மரத்தூள் போதவில்லை போலிருக்கிறது என்று முறம் முறமாகக் கொட்டினேன். தொட்டி சீக்கிரம் நிறைந்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் ஒரு மெல்லிய காகிதத் துண்டை இருக்கைத் துளைமேல் பிடித்துப் பார்த்தேன். விசிறி ஒழுங்காக இழுத்தால் காகிதம் உள்பக்கம் வளைய வேண்டும். அசையவே இல்லை. மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தால், காற்றுக்குழாய் முனையில் பூச்சிக்காகப் போட்ட வலையைச் சிலந்தி நூலும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி மூடியிருந்தன. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்ததும் விசிறி மறுபடி இழுத்தது. நெடி பாதி போயிற்று.

பாதிதான். தொட்டிக்குள் கிளறினால் சேறு. உண்மையான கோளாறு சிறுநீர்க் குழாயில் இருந்தது. சிறுநீரில் உள்ள உப்புகள் கல்போலப் படிந்து, செங்கோணமாகத் திரும்பும் இடத்தில் பென்சில் முனை நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. கிண்ணம் நிரம்பி, பின்பக்கம் வழிந்து தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் விசிறி அதை மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். வினிகரை ஊற்றி இரவு முழுக்க விட்டு, காலையில் வெந்நீர் விட்டேன். அப்போதும் குழாயைக் கழற்றிக் குச்சியால் குத்த வேண்டியிருந்தது. ப்ளீச் மட்டும் ஊற்றாதீர்கள். சிறுநீரோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும், மக்கச் செய்யும் நுண்ணுயிரிகளும் செத்துப்போகும்.

தயாரிப்பாளரை நான் குறை சொல்வது இந்த ஒரு இடத்தில்தான். இவ்வளவு ஒல்லியான குழாயை, சரிவே இல்லாமல், செங்கோணத்தில் திருப்பியிருக்கக் கூடாது. நானே அகலக் குழாய் வாங்கிச் சரிவாகப் போட்டேன். இப்போது வாரம் ஒரு தரம் கொஞ்சம் வினிகர், அதோடு சரி.

மூடுவதற்கு என்ன போடுகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. மாவு மாதிரி நைசான மரத்தூள் ஈரத்தில் அடையாகிக் காற்றைத் தடுத்துவிடுகிறது. இழைப்புளிச் சுருளைக் கலந்த பிறகு குவியல் பொலபொலவென்று வந்தது. கையுறையோடு ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கசக்கிய பஞ்சு மாதிரி ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. பிளைவுட் தூள், பெயின்ட் அடித்த மரத்தூள் வேண்டாம். நடுவில் குட்டி ஈக்கள் வந்தன. மேலே காய்ந்த தூளைக் கெட்டியாகப் போட்டு, மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டதில் குறைந்துவிட்டன.

'ஆறு வாரத்தில் உரம் தயார்' என்றும் அந்தத் தாளில் போட்டிருக்கிறார்கள். நம்பாதீர்கள். தொட்டியில் இருந்து வருவது அரைகுறைதான், உருண்டைப்புழு முட்டைகள் அதில் நெடுநாள் உயிரோடு இருக்கும். புதிதாக எதுவும் சேர்க்காமல், 20 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும் இடத்தில் குறைந்தது ஒரு வருடமும், அதற்குக் கீழே என்றால் ஒன்றரை முதல் இரண்டு வருடமும் மூடி வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் வேறொரு டிரம்மில் தேதி எழுதி வைக்கிறேன். முதல் டிரம்மைப் போன மாதம் திறந்தேன். மண் வாசனை. மரங்களுக்கு மட்டும் போட்டேன், காய்கறிப் பாத்திக்குப் போட மனசு வரவில்லை.

ஐந்துக்கு மூன்றரை. குழாயை மாற்றித் தந்தால் நாலரை.