குமிழ் பேனலா, திரை பேனலா: கடலோர ஊர் கணினிக்கு எது தாங்கும்?

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் கணினிக்கு ஃபேன் பேனல் (ஃபேன் வேகத்தை முகப்பிலிருந்து மாற்றவோ பார்க்கவோ உதவும் பலகை) போடுபவர்கள் அழகுக்கு முன் உப்புக்காற்றைப் பார்க்க வேண்டும்.

டிவிடி டிரைவ் உட்காரும் 5.25 இஞ்ச் இடத்தில் பொருந்தும் குமிழ் (திருகும் நாப்) பேனல் பார்வைக்கு அருமை. திருகினால் 3 பின் ஃபேனுக்குப் போகும் 12 வோல்ட் குறையும், சத்தமும் அடங்கும். ஆனால் குமிழுக்குள் இருக்கும் கார்பன் தடத்தில் உப்பு ஈரம் படிந்தால், லேசாகத் தொட்டாலே ஃபேன் வேகம் எகிறும், விழும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து, குமிழை இரு பக்கமும் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். 5 வோல்ட்டுக்குக் கீழே இறக்காதீர்கள். பல ஃபேன்கள் நின்றுவிடும். சிபியு ஃபேனை இதில் மாட்டவே கூடாது. மதர்போர்டுக்கு சுழற்சிக் கணக்கு வராததால் பூட் ஆகும்போதே பிழை காட்டும்.

இன்னொரு வழி: வேகத்தை பயாஸ் வளைகோட்டிடம் (வெப்பத்துக்கு ஏற்ப மதர்போர்டே வேகத்தை மாற்றும் அமைப்பு) விட்டுவிட்டு, முகப்பில் வேகத்தையும் வெப்பத்தையும் காட்டும் யூஎஸ்பி திரை மட்டும் வைப்பது. 4 பின் ஃபேன்களை பவர் சப்ளையின் சாட்டா வயரிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஹப்பில் (பல ஃபேன்களை ஒன்றாக இணைக்கும் பலகை) சேருங்கள். 3 பின் ஃபேனை இதில் செருகினால் முழு வேகத்திலேயே ஓடும். மதர்போர்டின் ஃபேன் ஹெடரில் (ஃபேன் வயர் செருகும் இடம்) நேரடியாக மாட்டுவதென்றால் பெரும்பாலான போர்டுகளில் 1 ஆம்பியர்தான் எல்லை.

கடலோரத்துக்கு என் தேர்வு திரைதான். அசையும் தொடர்பு இல்லை, தேய்வும் இல்லை. வெப்பத்தை முள்ளால் காட்டும் கேஜ்தான் வேண்டுமென்றால் அதன் சென்சாரை ஹீட்சிங்க் (சிப்பின் வெப்பத்தை வாங்கும் உலோகத் துண்டு) ஓரத்தில் ஒட்டுங்கள், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் செருகாதீர்கள்.