டார்க்ஸ்டாரா, டாலனா?

மெர்டேகா (மலேசிய சுதந்திர தின) அணிவகுப்பு சமயத்தில் கோலாலம்பூர் வானத்தைக் கிழித்துக்கொண்டு போகும் சுகோய் 30 எம்கேஎம் போர் விமானத்தை அண்ணாந்து பார்த்துப் பழகியவர்களுக்கு, சினிமா விமானத்தின் குறை சட்டென்று கண்ணில் படும். டார்க்ஸ்டார், டாலன் என்ற இரண்டு சினிமா விமானங்களில் எது நிஜத்துக்கு நெருக்கம் என்பதே கேள்வி.

‘ஸ்டெல்த்’ (2005) படத்தின் எஃப்/ஏ-37 டாலன் பறக்கும்போதே இறக்கைகளை முன்னும் பின்னும் திருப்பும். பார்க்கப் பிரமாதம்தான். ஆனால் இறக்கையின் சுமை முழுவதும் ஒரு கீலில் விழும். அதை அசைக்கும் பொறியும் சேர்ந்து எடையைக் கூட்டும். இப்படி இறக்கையைத் திருப்பும் நிஜ எஃப்-14 போர் விமானத்திலும் இதே தொல்லை உண்டு. போதாக்குறைக்கு, நகரும் மூட்டுகளின் இடைவெளிகள் விமானத்தை ரேடாரில் காட்டிக்கொடுக்கும்.

என் ஓட்டு ‘டாப் கன்: மேவரிக்’ (2022) படத்தின் டார்க்ஸ்டாருக்கே. அது சண்டை விமானம் அல்ல, சோதனை விமானம், சரி. ஆனாலும் அதன் வடிவமைப்பில் நிஜ விமானங்களைத் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனம் லாக்ஹீட் மார்ட்டினின் ஸ்கங்க் வொர்க்ஸ் என்ற வடிவமைப்புக் குழுவே உதவியது. நீண்ட தட்டை மூக்கு, ஒல்லியான உடல், முதலில் டர்பைன், அப்புறம் ஸ்க்ராம்ஜெட் (அதிவேகத்தில் மட்டும் இயங்கும் ஜெட் என்ஜின்): எல்லாமே நிஜப் பொறியாளர்கள் ஆராய்ந்துவரும் விஷயங்கள். இடிப்பது மாக் 10, அதாவது ஒலியைப் போல் பத்து மடங்கு வேகம், மட்டும்தான். ராக்கெட் பொருத்திய எக்ஸ்-15 என்ற அமெரிக்கச் சோதனை விமானம், 1967-இல் மாக் 6.7-ஐத் தொட்டபோதே வெப்பத்தில் அதன் அடிவால் பொசுங்கியது. படத்தில் அதைவிட வேகத்தில் சிதறும் டார்க்ஸ்டாரிலிருந்து விமானி உயிரோடு தப்புவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.