இசைக் கீபோர்டுக்கு வைஃபை மினி யுபிஎஸ்: ஊட்டி, கோத்தகிரியில் கீபோர்டு வாசிப்பவர்களுக்கு

தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து லைன் போனால் பாட்டு பாதியில் நிற்கும். ரவுட்டருக்கென விற்கும் 12 வோல்ட், 2 ஆம்பியர் மினி யுபிஎஸ் (கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் சிறு பெட்டி) அதற்குப் போதும், யமஹா பிஎஸ்ஆர்-இ வகை வைத்திருந்தால். அவை 12 வோல்ட், ஜாக்கின் நடு முள் பாசிட்டிவ். பழைய காசியோ பலவற்றுக்கு 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ். அதில் இதைச் செருகவே கூடாது. ஜாக் அருகிலுள்ள குறியைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

உள்ளே 2000 எம்ஏஹெச் செல் மூன்று, சுமார் 22 வாட்-அவர். 6 வாட் கீபோர்டு கணக்குப்படி மூன்று மணி நேரம் ஓட வேண்டும். சத்தம் கூட்டினால் இரண்டுதான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. மலிவான மாடல்கள் பேட்டரியில் ஓடும்போது வோல்டேஜைச் சீராக்குவதில்லை. 12.6-இல் தொடங்கி 9 வரை இறங்கும். பேஸ் நோட்டை அழுத்தியதும் கீபோர்டு அணைந்து மறுபடி எழுவது இதனால்தான். யுபிஎஸ்ஸின் கரண்ட் பிளக்கைப் பிடுங்கி, கீபோர்டு ஓடும்போதே மல்டிமீட்டரில் பாருங்கள்; 11.5-க்குக் கீழே போனால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சும்மா வைத்திருக்கும்போது அரை மணியில் அணைந்தால் யுபிஎஸ்ஸைத் திட்டாதீர்கள், அது கீபோர்டின் ஆட்டோ பவர் ஆஃப் (தானாக அணையும் வசதி). இடது ஓரக் கட்டையை அழுத்தியபடி ஆன் செய்தால் பெரும்பாலான மாடல்களில் அந்த வசதி நின்றுவிடும்.

மிக்சரில் 'கீ' என்று இரைந்தால் பெரும்பாலும் யுபிஎஸ்ஸில் வோல்டேஜை மாற்றும் கன்வெர்ட்டர்தான் காரணம். கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவே வைக்கும் டிஐ பாக்ஸ் ஓரளவு குறைக்கும். ஜனவரி உறைபனி இரவில் வெளித்திண்ணையில் சார்ஜ் போடாதீர்கள், லித்தியம் செல் கெடும்.