மைக் ஜாக் பழுதானபோது வாங்கிய 250 ரூபாய் யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு: மூன்று மாத அனுபவம்

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து அனுப்பும் பணியில் சில ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். கடந்த ஆடி மாதம், பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாதி முடிந்திருந்த வேளையில், என் மடிக்கணினியில் ஹெட்செட் மைக் வேலை செய்யாமல் போனது. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு பொத்தானை அழுத்தினால் அலைவரி எழும்பாமல் நேர்கோடாகவே ஓடியது. பழுதுபார்க்கும் கடையில் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பல ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்று, பெயர் எதுவும் அச்சிடப்படாத பெட்டியில் இருந்த சிறிய யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்றை 250 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். மூன்று மாதங்களாக அதில்தான் பதிவு செய்கிறேன்.

வாங்கும் முன்பே செலவில்லாத இரண்டு சோதனைகளைச் செய்திருந்தேன். ஹெட்செட்டைக் கைப்பேசியில் மாட்டிப் பேசியபோது குரல் தெளிவாகக் கேட்டது. ஆகவே ஹெட்செட்டில் குறையில்லை. மடிக்கணினியின் உள்மைக்கைத் தேர்ந்தெடுத்தபோது அதே ஆடாசிட்டியில் பதிவு விழுந்தது. ஆகவே விண்டோஸின் அனுமதியிலும் மென்பொருளிலும் தடையில்லை. எஞ்சியது ஹெட்செட்டைச் செருகும் துளையான ஜாக்கும் அதைச் சார்ந்த மின்சுற்றும்தான். சவுண்ட் கார்டு அந்தப் பகுதியை முழுவதுமாகத் தவிர்த்துவிட்டு, மைக்கின் மின்குறிப்பைத் தானே எண்களாக மாற்றி யூ.எஸ்.பி. வழியாகக் கணினிக்கு அனுப்புகிறது. உள்மைக் விசிறிச் சத்தத்தையும் மேசை அதிர்வையும் சேர்த்து வாங்குவதால் பாடப் பதிவுக்கு அது உதவாது. இல்லையென்றால் இந்தச் செலவும் தேவைப்பட்டிருக்காது.

கார்டு கட்டைவிரல் அளவுதான். மைக்குக்கு ஒன்று, ஹெட்போனுக்கு ஒன்று என இரண்டு துளைகள் இருக்கின்றன. யூ.எஸ்.பி. ஒலிக்கருவிகளுக்கான பொதுத் தரத்தைப் பின்பற்றுவதால் தனியாக டிரைவர் எதுவும் நிறுவ வேண்டியதில்லை. செருகிய சில நொடிகளில் விண்டோஸ் 11 அதை அடையாளம் கண்டுகொண்டு, உள்ளீட்டுப் பட்டியலில் புதிய பெயராகக் காட்டியது. ஆனாலும் முதல் பதிவு ஏமாற்றம்தான். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதைப் போல மிக மெல்லிய ஒலி மட்டும் விழுந்தது.

கார்டைக் குறை சொல்ல இடமில்லை. நான் செருகிய முனைதான் தவறு. கைப்பேசி ஹெட்செட்டின் முனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். அதாவது நான்கு தொடர்புகள். அவற்றுள் மைக்குக்கு உரியது அடியில் இருக்கும் நான்காவது. கார்டின் மைக் துளை மூன்று தொடர்புகள் கொண்டது. அது மைக்கை நுனியில் எதிர்பார்க்கிறது. நுனியில் இருப்பதோ இடது காதின் ஒலிபெருக்கி. ஒலிபெருக்கியின் சவ்வும் ஒலிக்கு அதிர்ந்து சிறிதளவு மின்குறிப்பை உண்டாக்கும் என்பதால், நான் கேட்ட மெல்லிய குரல் மைக்கிலிருந்து வந்ததல்ல, காதுப்பகுதியிலிருந்து வந்தது. மைக்கையும் ஹெட்போனையும் இரு முனைகளாகப் பிரிக்கும் ஒய் வடிவக் கேபிள் ஒன்றை 80 ரூபாய்க்கு வாங்கி இடையில் மாட்டியதும் குரல் முழுமையாக வந்தது. இந்தக் கேபிளும் தேவைப்படலாம் என்று கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னொரு முறை ரிச்சி தெருவுக்கு அலைந்திருக்க மாட்டேன். பலர் இந்தக் கட்டத்திலேயே கார்டு கெட்டுவிட்டது என்று முடிவு செய்து தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒலித்தரம் பேச்சுக்குப் போதுமானது. மைக் உள்ளீடு ஒற்றைத் தடம், 16 பிட், மாதிரி வீதம் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது) அதிகபட்சம் 48 கிலோஹெர்ட்ஸ். வாசிப்புக்கு இதற்கு மேல் தேவையில்லை. ஆனால் வாங்கிய நிலையிலேயே பயன்படுத்தினால் பதிவு காதைச் சோர்வடையச் செய்யும். நான் வாக்கியத்தை முடித்து மூச்சுவிடும் இடைவெளியில் மின்விசிறியின் ஓசையும் தெருவின் இரைச்சலும் மெல்ல மெல்ல ஏறி, அடுத்த வாக்கியத்தின் முதல் அசை வெடிப்பதைப் போல ஒலித்து, பிறகு அடங்கியது. ஒலி குறையும்போது பெருக்கத்தைத் தானாகக் கூட்டும் ஏ.ஜி.சி. என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்ததுதான் காரணம். ஒரு பாடம் முழுவதையும் காதால் மட்டுமே படிக்கும் மாணவருக்கு இந்த ஏற்ற இறக்கம் பெரிய தொல்லை என்பதால் இதற்காக ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டேன். விண்டோஸின் பழைய சவுண்ட் கண்ட்ரோல் பேனலைத் திறந்து, ரெக்கார்டிங் பகுதியில் கார்டைத் தேர்ந்தெடுத்து, அதன் பிராப்பர்ட்டீஸில் உள்ள கஸ்டம் பக்கத்தில் ஏ.ஜி.சி. கட்டத்தில் இருந்த குறியை எடுத்தேன். உள்ளீட்டு அளவை, பூஜ்ஜியத்தை உச்சமாகக் கொண்ட பதிவு அளவுகோலில் உரத்த சொற்கள் மைனஸ் 12 டெசிபெல் முதல் மைனஸ் 6 வரை வருமாறு வைத்தேன். அதன் பிறகு இடைவெளிகள் அமைதியாகிவிட்டன. இந்த ஒரு மாற்றத்துக்குப் பின் கிடைத்த பதிவு, பழுதாவதற்கு முன் மடிக்கணினியின் ஜாக்கில் கிடைத்ததைவிடச் சுத்தமாக இருந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

தீராத குறை ஒன்று உண்டு. மடிக்கணினி சார்ஜரில் இருக்கும்போது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் மெலிதாகப் பதிவாகிறது. சார்ஜரைக் கழற்றியதும் மறைந்துவிடுகிறது. கார்டு மின்சாரத்தை அதே மடிக்கணினியிலிருந்து பெற்று, அதே தரைத் தொடர்பைப் பகிர்ந்துகொள்வதால், இந்த ரீங்காரத்திலிருந்து அது நம்மைக் காப்பாற்றாது. நான் முதலில் பேட்டரியை நிரப்பி, பிறகு சார்ஜரை எடுத்துவிட்டு, நாற்பது நிமிடம் வாசிக்கிறேன்.

மேடைகளில் பயன்படும் பெரிய மைக்குகளை இதனுடன் இணைக்க நினைப்பவர்கள் நினைப்பை விட்டுவிடலாம். 48 வோல்ட் கேட்கும் கண்டென்சர் மைக்குக்கு இது சில வோல்ட் மட்டுமே தரும். டைனமிக் மைக்கின் குறிப்பைப் போதிய அளவு பெருக்கவும் இதற்கு வலுவில்லை. ஹெட்செட்டுக்கும் சட்டையில் குத்தும் சிறு மைக்குக்கும் மட்டுமே இது பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் பேச்சைக் கேட்டு அக்கா மகளும் இணைய வகுப்புகளுக்காக இதே கார்டை வாங்கினாள். அவள் கணினியில் ஒன்றுமே விழவில்லை. பார்த்தால், விண்டோஸின் பிரைவசி பக்கத்தில் டெஸ்க்டாப் மென்பொருள்களுக்கான மைக் அனுமதி அணைக்கப்பட்டிருந்தது. அந்தப் பொத்தான் அணைந்திருக்கும்வரை எந்தக் கார்டை மாட்டினாலும் நேர்கோடுதான் வரும். அதைத் திறந்ததும் அவளுடைய பழைய மைக்கே நன்றாக வேலை செய்தது. என் அறிவுரையால் அவளுக்கு 250 ரூபாய் வீணானதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆகவே உள்மைக்கும் பேசவில்லை என்றால் கடைக்குப் போகாதீர்கள். முதலில் அந்தப் பக்கத்தையும், பிறகு மென்பொருளில் எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

புளூடூத் ஹெட்செட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கார்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வழக்கமான புளூடூத் இணைப்பில் மைக் இயங்கத் தொடங்கியதும் ஹெட்செட் அழைப்பு முறைக்கு மாறி, ஒலி 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்துக்கு இறங்கிவிடுகிறது. கம்பி மைக்கும் இந்தக் கார்டும் சேர்ந்தால் அந்தக் குறை இல்லை.

கார்டு யூ.எஸ்.பி. துளையில் நேராக நீட்டிக்கொண்டிருப்பதால் கை பட்டாலே அசைகிறது. ஓர் அடி நீட்டிப்புக் கேபிளில் மாட்டி மேசையில் கிடத்திய பிறகு அந்தக் கவலை நீங்கியது. மதர்போர்டை நான் மாற்றவில்லை. சமூக அறிவியல் முடிந்துவிட்டது; அறிவியலில் மூன்றாவது பாடம் போய்க்கொண்டிருக்கிறது.