‘ஒரிஜினல் மினிலைட்’ வீல்கள்: ஹெரால்ட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு அலாய் வீல் தேடுகிறவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பழைய கார் உதிரிபாகங்கள் விற்கும் வெளி மாநில வியாபாரி ஒருவர், ‘60களின் ஒரிஜினல் மினிலைட், மக்னீசியம், ஹெரால்டுக்கு அப்படியே பொருந்தும்’ என்று சொல்லி நான்கு வீல்களை எனக்கு 52,000 ரூபாய்க்கு விற்றார். வந்தவை மினிலைட் இல்லை, மக்னீசியம் இல்லை, அந்தக் காலத்தவையும் இல்லை. ஹெரால்டுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக நட்டு ஓட்டையை அடைத்து, வேறு ஓட்டை போட்டு, மேலே பெயின்ட் அடித்து அனுப்பியிருந்தார்கள்.

ஏன் மினிலைட் தேடினேன் என்று சொல்லிவிடுகிறேன். என் கார் 1966 மாடல். ஹெரால்ட் என்பது இங்கிலாந்தின் டிரையம்ஃப் கார். 1961 முதல் இங்கே சென்னையில் தயாரானது. மினிலைட்டும் அதே நாடு, அதே காலம். டெக் டெல் என்ற நிறுவனம் 60களில் மினி காருக்காகக் கொண்டுவந்த எட்டு ஸ்போக் மக்னீசியம் வீல் அது. மினியைத் தயாரித்த பிஎம்சி நிறுவனத்தின் ராலி அணி மினிகளில் ஓடிப் பெயர் வாங்கியது; அப்புறம் டிரையம்ஃப், எம்ஜி என்று எல்லாவற்றுக்கும் வந்தது. 1966 காரில் அது உறுத்தாது. ரோஸ்டைல் வீல் 60களின் கடைசியில் வந்தது, உல்ஃப்ரேஸ் வீல் 70களின் சரக்கு. அவை அழகுதான், ஆனால் என் காருக்கு ஆகாது. (17 அங்குல வீல் மாட்டிய ஹெரால்டுகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.)

வாங்கும் முன்பே பிசிடி கேட்டேன், அதாவது நட்டு ஓட்டைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம். ஹெரால்டுக்கு அது 3¾ அங்குலம், அதாவது 95.25 மில்லிமீட்டர். “சார், அதே அளவுதான் சார், கண்ணை மூடிக்கிட்டு மாட்டுங்க” என்றார். பின்பக்கப் படம் கேட்டதற்கு, முன்பக்கத்தையே மூன்று கோணத்தில் எடுத்து அனுப்பினார். பின்பக்கத்தை இரண்டாம் முறை கேட்டபோது, வீல்களை ஏற்கெனவே பெட்டியில் போட்டு ஆணி அடித்துவிட்டதாகச் சொன்னார்.

டயர் மாட்டப் போன கடையில்தான் விஷயம் வெளியே வந்தது. பையன் நட்டை முடுக்கும்போது பெயின்ட் பொரிந்து உதிர்ந்தது. கடைக்காரர் வீலைக் கழற்றித் திருப்பி வைத்து, ஓட்டைகளைச் சுற்றி விரலால் தேய்த்துப் பார்த்தார். “அண்ணே, இதை மாட்டிக்கிட்டு வீடு வரைக்கும்கூடப் போகாதீங்க” என்றார். ஒவ்வொரு ஓட்டைக்கும் வெளிப்புறமாகப் பிறை வடிவில் பழைய ஓட்டையின் மிச்சம் தெரிந்தது. அதை வெல்டிங்கால் அடைத்து, குழியான இடத்தில் பசை பூசிச் சமன் செய்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். ஸ்விஃப்ட், சிட்டி போன்ற கார்களுக்கு வரும் 4x100 பிசிடி (நான்கு ஓட்டை, 100 மில்லிமீட்டர்) வீல்கள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். எட்டு ஸ்போக் மினிலைட் மாதிரியிலும் உண்டு. 100ஐ 95.25 ஆக்க, ஒவ்வொரு ஓட்டையும் சுமார் 2.4 மில்லிமீட்டர் உள்ளே வர வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் புது ஓட்டை போட்டால் பழையதோடு சேர்ந்துவிடும். அதனால்தான் அடைப்பு. நட்டின் கூம்பு உட்காரும் இடத்தில் பாதி நல்ல உலோகம், பாதி வெல்டிங். வார்ப்பு அலுமினிய வீலுக்கு வலிமை தருவது வார்த்தபின் சூட்டில் வைத்துப் பதப்படுத்துவது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். காரின் எடை, பிரேக்கின் இழுவை எல்லாம் வந்து சேருவதோ அந்த நான்கு நட்டுகளில். வளைவில் ஸ்டீயரிங் திருப்பும்போது அது விட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பெயின்டைச் சுரண்டியதும் ஒரு ஸ்போக்கின் பின்னால் ‘ஜேடபிள்யூஎல்’ என்ற வார்ப்பெழுத்து பாதி ராவப்பட்ட நிலையில் இருந்தது. அது அலாய் வீல்களுக்கான ஜப்பானியத் தர முத்திரை, 70களில்தான் வந்தது. 60களின் ஆங்கிலேய வீலில் அது இருக்க வழியே இல்லை. மக்னீசியம் என்ற கதையை அடுப்படியிலிருந்த வினிகர் முடித்துவைத்தது. உள்பக்கம் ஒரு இடத்தை அரம் வைத்துத் தேய்த்து ஒரு சொட்டு விட்டேன். மக்னீசியமாக இருந்தால் உடனே நுரைத்துப் பொங்கும். இது சும்மா இருந்தது. தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரியும்: அதே அளவு மக்னீசியம் அலுமினியத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான்.

உண்மையான பழைய மக்னீசியம் வீல் கிடைத்தாலும் அதை நேராக ரோட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். அரிப்பும் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் அதன் கூடப்பிறந்தவை. சாயம் ஊற்றி விரிசல் பார்க்கும் பரிசோதனை முடிந்த பிறகுதான் மாட்ட வேண்டும். ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு, சரியான பிசிடியில் புதிதாக வார்த்த அலுமினிய வீலே மேல் என்பது என் கருத்து. தோற்றம் அந்தக் காலத்தது, உலோகம் இந்தக் காலத்தது.

நான்கு ஓட்டை வீலில் பிசிடி பார்ப்பது சுலபம். ஒரு ஓட்டையின் உள்விளிம்பிலிருந்து எதிர் ஓட்டையின் வெளிவிளிம்பு வரை அளந்தால் போதும். அந்த இடத்தில் காலிபர் (அளவுக் கருவி) வைத்த படம், பின்பக்கத்தைப் பெயின்ட் இல்லாமல் எடுத்த படம், இரண்டும் தராதவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

வியாபாரி முதலில் “பழைய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது” என்றார், அப்புறம் போனையே எடுக்கவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். 2019 நுகர்வோர் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிய பிறகு இறங்கி வந்தார். வீல்களைத் திருப்பி அனுப்பியதும் 40,000 வந்தது. மீதி ‘பேக்கிங், லாரி செலவு’ என்று பிடித்துக்கொண்டார்.

இப்போது அதே செட் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது, இந்த முறை ‘ஸ்பிட்ஃபயருக்கும் (டிரையம்ஃபின் இன்னொரு கார்) பொருந்தும்’ என்று. பின்பக்கம் புதிதாகக் கறுப்பு பெயின்ட். ஒரு வீலின் வெளி விளிம்பில், காற்றடைக்கும் வால்வுக்கு நேர் எதிரே, டயர் லீவர் பட்ட ஒரு அங்குலக் கீறல் இருக்கும். அந்தக் கீறலைப் பார்த்தால் விலையே கேட்காதீர்கள்.