சவுண்ட் எஃபெக்ட்ஸ்: சந்தாவா, ஃப்ரீசவுண்டா?

பணம் கட்டி சவுண்ட் எஃபெக்ட்ஸ் இறக்கிக்கொள்ளும் என் சவுண்ட் லைப்ரரி சந்தா போன மாதம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. இரண்டு வருடம் கட்டிப் பார்த்தாயிற்று. இனிமேல், பலரும் தாங்கள் பதிந்த சத்தங்களை ஏற்றி இலவசமாகப் பகிரும் ஃப்ரீசவுண்ட் தளம், சோனிஸ் நிறுவனம் கொடுக்கும் இலவச சத்த மூட்டை, பையில் கிடக்கும் ரெக்கார்டர், இவ்வளவுதான். நான் குறும்படமும் ஆவணப்படமும் எடிட் செய்கிறவன். தனியாக சவுண்ட் டிசைனர் வைக்கிற பட்ஜெட் இந்தப் படங்களில் கிடையாது. ஆம்பியன்ஸ் (காட்சியின் பின்னணிச் சூழல் சத்தம்) போடுவது, கதவுச் சத்தம் வைப்பது, காலடி ஒட்டுவது எல்லாம் எடிட்டர் தலையில்தான் விழும். அதே நிலைமையில் இருப்பவர்களுக்குத்தான் இந்த ஒப்பீடு. தியேட்டருக்குப் போகிற படங்களின் 5.1 மிக்ஸில் (பல ஸ்பீக்கர்களுக்கான ஒலிக் கலவையில்) நான் உதவிக்கு மட்டுமே உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கணக்கு வேறாக இருக்கலாம்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வேகத்தில் சந்தாதான் ஜெயிக்கும். எபிடெமிக் சவுண்ட், ஆர்ட்லிஸ்ட் மாதிரி இடங்களில் இசையும் எஃபெக்ட்ஸும் சேர்ந்தே கிடைக்கும். தகரக் கூரையில் மழை வேண்டுமென்றால், சுத்தமாகப் பதிந்ததில் ஒன்றை இழுத்து டைம்லைனில் போட்டுவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போகலாம். ஃப்ரீசவுண்டில் மழை என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். நல்ல மைக்கில் பொறுமையாக எடுத்ததும் இருக்கும், ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டி எடுத்ததும் இருக்கும். அரை மணி நேரம் கேட்டுக் கேட்டுக் கழிக்க வேண்டும். தரத்திலும் அப்படித்தான்: படத்துக்கு 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட், 24 பிட் அளவு வேண்டும்; அங்கே தரம் குறைத்துச் சுருக்கிய எம்பி3யும் கலந்து கிடக்கும். ஆனால் சாம்பிள் ரேட், பிட் அளவு, கோப்பு வகை எல்லாவற்றையும் வடிகட்டித் தேட வசதி இருப்பதால் இது பெரிய தொல்லை இல்லை. நாளைக்கே டெலிவரி, விளம்பர வேலை என்றால் சந்தா கட்டுங்கள், நான் வாதாட மாட்டேன்.

என் முடிவை மாற்றியது தரமும் இல்லை, விலையும் இல்லை. உரிமம்தான். அதிலும், படம் முடிந்து ஒரு வருடம் கழித்து அந்த உரிமம் என்ன ஆகிறது என்பது.

ஒரு ஏரியைப் பற்றிய 22 நிமிட ஆவணப்படம். இரவுக் காட்சியில் ஜெனரேட்டர் இரைச்சல், லொகேஷன் சத்தம் எதுவும் தேறவில்லை. ஃப்ரீசவுண்டில் ஒரு தவளைக் கூட்டம் கிடைத்தது, போட்டேன். நீர், காற்று, தூரத்து லாரி எல்லாம் சந்தாவிலிருந்து. படம் இரண்டு விழாக்களுக்குப் போய் வந்தது. அடுத்த வருடம் ஒரு ஓடிடி நிறுவனம் வாங்கிக்கொள்ள முன்வந்து, வெளியிலிருந்து எடுத்த ஒவ்வொரு சத்தத்துக்கும் உரிம விவரம் கேட்டது. டைம்லைனைத் திறந்தால் 41 துண்டுகள். அதில் தவளையின் பெயர் ‘ஃப்ராக் 2 ஃபைனல்’. நான்தான் மாற்றி வைத்திருக்கிறேன்.

ஃப்ரீசவுண்டிலிருந்து இறங்கும் கோப்பின் பெயரில் முதலில் ஓர் எண், அப்புறம் ஏற்றியவரின் பெயர், அப்புறம் சத்தத்தின் தலைப்பு இருக்கும். அந்த எண் இருந்தால் எத்தனை வருடம் கழித்தும் அந்தப் பக்கத்துக்கே திரும்பப் போகலாம். அதை அழித்துவிட்டு நான் இரண்டு ராத்திரி காதால் தேடினேன். கிடைத்தபோது பார்த்தால், வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லாத உரிமம். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைத்தது ஒரு தவளை.

இது ஃப்ரீசவுண்டின் குற்றம் இல்லை. பக்கத்திலேயே எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. அங்கே முக்கியமாக மூன்று வகை கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமங்கள். சிசி0 என்றால் பதிந்தவர் உரிமையையே விட்டுக்கொடுத்துவிட்டார், பெயர்கூடப் போட வேண்டாம். அட்ரிபியூஷன் என்றால் டைட்டிலில் நன்றி போட வேண்டும். நான்கமர்ஷியல் என்றால் விற்கப் போகிற படத்தில் தொடவே கூடாது. 2005 காலத்துப் பழைய கோப்புகள் சிலவற்றில் சாம்ப்ளிங் பிளஸ் என்ற உரிமமும் இருக்கும், நான் அதை விட்டுவிடுவேன். இப்போது தேடும்போதே சிசி0 என்று வடிகட்டிவிட்டுத்தான் காதில் ஹெட்ஃபோன் மாட்டுகிறேன். இறக்கியதும் அந்தப் பக்கத்தைப் பிடிஎஃபாக ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே போட்டுவிடுகிறேன். ஏற்றியவர் நாளைக்கு அதை நீக்கிவிட்டாலும் கையில் ஆதாரம் இருக்கும்.

சரி, சந்தாவில் எடுத்தவை? அவற்றுக்குத்தான் அதிக அலைச்சல். இந்தச் சேவைகளின் பொதுவான ஏற்பாடு: சந்தா ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியிட்ட படைப்புக்கு எப்போதும் பாதுகாப்பு உண்டு, சந்தா நின்ற பிறகு புதிதாக வெளியிடுவதற்குக் கிடையாது. யூடியூப் ஆட்களுக்கு இது பொருந்தும், இன்றைக்கு எடிட் செய்து இன்றைக்கே ஏற்றுகிறார்கள். சினிமாவில் அப்படியா? எடிட் முடிந்து எட்டு மாதம் கழித்து விழா, அதற்கு அப்புறம் விற்பனை, விற்கும்போது இரண்டு நிமிடம் வெட்டச் சொல்வார்கள். வெட்டிய படம் பழையதா, புதியதா? நான் கட்டிய சேவைக்கு எழுதிக் கேட்டேன். ஒன்பது நாள் கழித்து வந்த பதில் விதிமுறைப் பக்கத்தின் சுட்டி மட்டும்தான். கடைசியில் ஒரு மாதச் சந்தா கட்டி வாயை மூடிக்கொண்டேன். படம் உயிரோடு இருக்கும்வரை யாரோ ஒருவர் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றால், ஆவணப்படத் தயாரிப்பாளரிடம் இதை எப்படிச் சொல்வது? சிசி0வில் இந்தப் பேச்சே இல்லை. ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. ஏற்றியவர் எங்கேயோ வீடியோ கேமிலிருந்து உருவி சிசி0 என்று போட்டிருந்தால்? அதனால் விவரப் பகுதியைப் படிப்பேன். எந்த ரெக்கார்டர், எந்த ஊர், எத்தனை மணி என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தாங்களே பதிந்தவர்கள். ‘கூல் எக்ஸ்ப்ளோஷன்’ என்று இரண்டே சொல் இருந்தால் தாண்டிப் போய்விடுவேன்.

பிபிசியின் சவுண்ட் எஃபெக்ட்ஸ் கிடங்கைப் பலரும் சொல்வார்கள். 33,000க்கு மேல் பதிவுகள், கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் இலவசம் என்பது சொந்த உபயோகம், கல்வி, ஆய்வுக்கு மட்டும். விற்கும் படத்துக்குத் தனியாகப் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும். சோனிஸ் வேறு மாதிரி: கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸை ஒட்டி 2015 முதல் பல ஜிபி மூட்டையை இலவசமாகத் தருகிறார்கள். வணிகப் படத்தில் போடலாம், நன்றிகூடத் தேவையில்லை. என் உலோகச் சத்தம், இயந்திரச் சத்தம் முக்கால்வாசி அங்கிருந்துதான். மனிதர் நடமாடும் ஆம்பியன்ஸுக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம், நம் ஊர் அதில் இல்லை.

நம் ஊர் சந்தாவிலும் இல்லை. குக்கர் விசில் வேண்டும் என்று தேடினால் ஆவி சீறுகிற வெளிநாட்டு குக்கர் வருகிறது. வெயிட் எழும்பி விசிலடித்து, அடங்கி, மறுபடி எழும்பும் நம் வீட்டு குக்கர் ஃப்ரீசவுண்டில் கிடைக்கிறது. இடத்தைக் குறித்து ஏற்றிய பதிவுகளுக்கு வரைபடம் வைத்திருக்கிறார்கள், இந்தியாவை நெருக்கிப் பார்த்தால் சந்தை, ரயில் நிலையம், கோயில் மணி என்று புள்ளி புள்ளியாக வரும். வட அமெரிக்க ஏரிகளில் கூவும் லூன் பறவையை உலகமெங்கும் உள்ள படங்களில் இரவுக் காட்சிக்குப் போட்டுவிடுகிறார்கள். நானே தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதை ஒன்றில் அதைக் கேட்டிருக்கிறேன்.

தவளை விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசி மழை விட்ட ராத்திரி, செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் இரண்டு மணிக்கு ரெக்கார்டரை வைத்தேன். முதல் பத்து நிமிடம் கொசு மட்டும்தான் பதிந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தன. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டினால் நெடுஞ்சாலை உறுமல் போய்விட்டது. படத்தில் இப்போது இருப்பது அவைதான். நல்லதாக நான்கு நிமிடம் தேறியதை சிசி0வில் ஏற்றியிருக்கிறேன், கோப்பின் பெயரை மட்டும் மாற்றாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.