முழுக் கலமா, பிரித்தெடுத்த நொதியமா? குவர்செட்டினில் சீனி ஏற்றும் இரண்டு வழிகள்

மஞ்சள் தாவர நிறமியான குவர்செட்டின் தண்ணீரில் கரையவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதன் 3ஆம் இடத்தில் ஒரு குளுக்கோசை ஒட்டிவிட்டால் ஐசோகுவர்சிட்ரின் ஆகி ஓரளவு இறங்கிவரும். ஒட்டும் நொதியத்தில் தகராறு இல்லை: அரபிடோப்சிஸ் என்ற சிறு செடியின் யூ.ஜி.டி.78டி2, அதன் மரபணு பெட்-28ஏ பிளாஸ்மிட்டில் (மரபணுவைச் சுமக்கும் டி.என்.ஏ. வளையம்). அதை ஈ. கோலை பற்றீரியாவுக்குள் விட்டு முழுக் கலமாக ஓட்டுவதா, பிரித்தெடுத்துக் குழாயில் ஓட்டுவதா என்பதுதான் கேள்வி. கச்சான் வீசும் மாதங்களில் கரண்ட் போனால் அரை மணியில் வெந்துபோகும் திருகோணமலை ஆய்வுகூடத்துக்கு என் வாக்கு முழுக் கலத்துக்கே.

பிரித்தெடுத்த நொதியத்தின் பெருமை தெரிந்ததுதான். கலவை சுத்தமாக இருக்கும், வேகம் அளக்கலாம். இடறுவது குளுக்கோசைக் கொடுக்கும் யூ.டி.பி.-குளுக்கோசில். 464 மில்லிகிறாம் ஐசோகுவர்சிட்ரினுக்கு அதன் இருசோடியம் உப்பு 610 மில்லிகிறாம் செலவாகும். குளுக்கோசைக் கொடுத்தபின் மிஞ்சும் யூ.டி.பி. (UDP) நொதியத்தையே மறிக்கும். சீனியிலிருந்து யூ.டி.பி.-குளுக்கோசைத் திரும்ப ஆக்கும் சுக்குரோசு சிந்தேசு நொதியத்தைச் சேர்த்தால் சீனியும் சொற்ப யூ.டி.பி.யும் போதும், உண்மைதான். ஆனால் இப்போது இரண்டு நொதியங்களை நிக்கல் கம்பத்தில் 4 பாகையில் பிரித்து, −20இல் காக்க வேண்டும். இரவில் பிரிஜ் ஒருமுறை உருகினால் இரண்டும் போச்சு.

கலமோ அந்த யூ.டி.பி.-குளுக்கோசைத் தானே சமைக்கும், மிஞ்சும் யூ.டி.பி.யை ஏ.டி.பி. (ATP, கலத்தின் சக்தி மூலக்கூறு) செலவழித்து யூ.ரி.பி.யாக (UTP) மீட்டுக்கொள்ளும். சமையலின் வழி: குளுக்கோசு-6-பொசுபேற்றை பி.ஜி.எம். நொதியம் 1-பொசுபேற்றாக்கும், அதை கல்யூ நொதியம் யூ.ரி.பி.யோடு சேர்க்கும். சிக்கல், கலம் சக்திக்காகக் குளுக்கோசை உடைக்கும் கிளைக்கோப்பகுப்பு அதே 6-பொசுபேற்றை இழுத்துக்கொள்வது. விளைச்சல் போதாவிட்டால் சீனிக்கு மாறலாம். கந்தளாய் ஆலை ஓடிய காலம் போனாலும் கடைச் சீனி போதும். சுக்குரோசு பொசுபோரிலேசு என்ற நொதியம் சீனியைப் பிளந்து, ஏ.டி.பி. இல்லாமலே 1-பொசுபேற்றைத் தரும்; பிரக்டோசு கலத்தின் சாப்பாடு. கூடவே பி.ஜி.எம்., ஏ.ஜி.பி., உஷ்ஏ மரபணுக்களை நீக்கினால் 1-பொசுபேற்றும் யூ.டி.பி.-குளுக்கோசும் வீணாகும் ஒழுக்கு அடைபடும். பலர் சறுக்குவது இங்கேதான்: ஈ. கோலையின் வழக்கமான ஆய்வுகூட வகைகளான பி.எல்.21உம் கே-12உம் சீனியை உள்ளே எடுக்காது. சி.எஸ்.சி.பி. கடத்தியையும் ஏற்ற வேண்டும், அல்லது பிறப்பிலேயே சீனி தின்னும் டபிள்யூ வகையில் தொடங்க வேண்டும்.

முதல் முயற்சிக்கு இத்தனை வேண்டாம், குளுக்கோசே போதும். பி.எல்.21(டி.ஈ.3) கலத்தை 500 மில்லிலீற்றர் குடுவையில் 100 மில்லிலீற்றர் எல்.பி. வளர்ப்பூடகத்தில் வளர்த்து, ஓ.டி. (கலங்கலின் அளவு) 0.6 வந்ததும் மரபணுவை முடுக்கிவிடும் ஐ.பி.டி.ஜி. 0.1 மில்லிமோலார், 20 பாகையில் 16 மணி. இந்த 20 பாகை இரண்டு வழிக்கும் பொதுவான தலையிடி. குளிரூட்டி இல்லாத குலுக்கி அறை வெப்பத்துக்குக் கீழே இறங்காது, ஏ.சி. அறைக்குள் நகர்த்தினால் 25 வரை வரும், அதுவும் பரவாயில்லை. 37இல் விட்டால் நொதியம் கலத்துக்குள்ளேயே கரையாத கட்டியாக, உட்படிவாகிவிடும். ஜெல்லில் 50 கிலோடால்ரன் பட்டை கரைசலில் இல்லாமல் வண்டலில் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

பிறகு கலத்தை மையநீக்கி, பி.எச். 7.0 பொசுபேற்றில் (100 மில்லிமோலார்) ஓ.டி. 10க்குக் கலக்கி, 2 சதவீதம் குளுக்கோசு இடுங்கள். 10 மில்லிலீற்றருக்கு டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் கரைத்த 100 மில்லிமோலார் குவர்செட்டினில் 20 மைக்ரோலீற்றர், மூன்று மணிக்கு ஒருமுறை, ஐந்து தடவை, 30 பாகையில். மொத்தம் 1 மில்லிமோலார், டி.எம்.எஸ்.ஓ. 1 சதவீதத்தைத் தாண்டாது. ஒரேயடியாகக் கொட்டினால் மஞ்சளாக அடியில் படியும். பி.எச். 8ஐத் தாண்டினால் குவர்செட்டின் ஒட்சியேறிக் கபிலமாகும். கலம் அசற்றேற்றைக் கக்கி பி.எச். 6க்குக் கீழே இழுத்தால் மாற்றம் நின்றுவிடும். ஒவ்வொரு ஊட்டலுக்கும் முன் தாளில் தொட்டுப் பாருங்கள். விளைபொருளின் பெரும்பகுதி ஊடகத்துக்கே வந்துவிடும், கலத்தை உடைக்கத் தேவையில்லை.

இதெல்லாம் குடுவைக் கணக்கு. 5 லீற்றர் நொதிக்கலனில் காற்றும் நுரையும் வேறு கதை சொல்லும். தைரோசினிலிருந்து குவர்செட்டினையே கலத்துக்குள் கட்டும் மூன்றாவது வழிக்கு ஏழெட்டு மரபணுக்கள் கூடுதலாக வேண்டும். இறுதியாண்டு ஆய்வுக்குள் அடங்குவது கடினம்.

குவர்செட்டின் வாங்கக் காசில்லாமல் சந்தையில் கழிக்கும் சின்ன வெங்காயத் தோலைக் காய்ச்சி எடுப்பவர்களுக்கு ஒன்று. வெங்காயத்தில் குவர்செட்டின்-4′-குளுக்கோசைட்டு இயற்கையாகவே உண்டு. பொருள்களைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் மென்படலத் தட்டில் நொதியம் இல்லாமலே கீழே ஒரு புள்ளி தோன்றும். வெறும் பெட்-28ஏ ஏற்றிய கலத்தை இன்னொரு குடுவையில் கூடவே ஓட்டி, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் புள்ளியிடாமல் யாருக்கும் கைகுலுக்காதீர்கள்.